மூன்றாம் தரத்துக்கு எந்த மணிக்கூடு, எந்த வெப்பமானி?

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலிருந்து கொஞ்சம் காசு வந்தால், ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்குள் முதலில் எழும் கேள்வி என்ன வாங்குவது என்பதுதான். அளவீட்டுப் பாடத்தில் நீளத்துக்கும் நிறைக்கும் பெரிய தலையிடி இல்லை. அடிக்கோலும் அளவு நாடாவும் எப்படியும் இருக்கும். தராசுக்கு இரண்டு சிரட்டையும் கயிறும் ஒரு தடியும் போதும். நேரமும் வெப்பநிலையும்தான் இழுபறி. இரண்டையும் கையில் எடுத்துக் காட்ட முடியாது. கருவி வழியாகத்தான் காட்ட வேண்டும். கருவி சரியாக அமையாவிட்டால் பிள்ளை கருவியைப் பாடமாக்கிக்கொள்ளும், அளவு அதற்குப் பிடிபடாது.

மலைநாட்டில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைப்பவை இவைதான். புத்தகக் கடையில் நடுவில் ஊசி குத்திய வர்ண மட்டை மணிக்கூடு. அதைவிட விலை கூடியது, பின்னால் பற்சக்கரம் வைத்த பிளாஸ்டிக் கற்பித்தல் மணிக்கூடு. பக்கத்துக் கடையில் சாதாரண சுவர் மணிக்கூடும், மேசையில் வைக்கும் டிஜிட்டல் மணிக்கூடும். வெப்பமானி என்று கேட்டால் பாமசியில் காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து நீட்டுவார்கள். சுவரில் மாட்டுகிற சிவப்புத் திரவ வெப்பமானிக்குக் கொஞ்சம் தேட வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்த கருவி பல பாடசாலைகளில் அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறது.

என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சுவர் மணிக்கூடு ஒன்று, பிள்ளைகளே செய்கிற மட்டை மணிக்கூடுகள், சிவப்புத் திரவ வெப்பமானி ஒன்று. மற்றதெல்லாம் காசு மிஞ்சினால் பார்க்கலாம். அதோடு, வெப்பமானியைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும், மணிக்கூட்டை அதற்கு அப்புறம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் சக ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மட்டை மணிக்கூடு. விலை மலிவு, ஆளுக்கொன்று கொடுக்கலாம், முள்ளைத் திருப்பப் பிள்ளைகளுக்கு ஆசை. இவ்வளவும் சரி. ஆனால் அதில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. சின்ன முள்ளும் பெரிய முள்ளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சுற்றும். மூன்றரை மணி வைக்கச் சொன்னால், வகுப்பில் பாதிக்கு மேல் சின்ன முள்ளை நேரே 3இல் வைத்து, பெரிய முள்ளை 6இல் வைப்பார்கள். மட்டை மணிக்கூடு அதைத் தடுக்காது. ஆசிரியரும் அவசரத்தில் சரி போட்டுவிட்டுப் போவார். உண்மையான மணிக்கூட்டில் அப்படி ஒரு நேரமே கிடையாது. மூன்றரைக்குச் சின்ன முள் 3க்கும் 4க்கும் நடுவில்தான் நிற்கும்.

இந்தப் பழக்கத்தின் விளைவு பிறகுதான் தெரியும். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சின்ன முள் எட்டை ஒட்டித்தான் நிற்கும். பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு "எட்டு ஐம்பது டீச்சர்" என்று அடித்துச் சொல்லும். நிமிடத்தைச் சரியாக வாசித்திருக்கிறது, மணியில் முழுசாக ஒரு மணித்தியாலம் பிழை. ஐந்தாம் வாய்ப்பாட்டை மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்து இதைத் திருத்த முடியாது, ஏனென்றால் பிழை வாய்ப்பாட்டில் இல்லை. சின்ன முள் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை ஒருநாளும் கவனித்ததில்லை.

பற்சக்கரம் வைத்த பிளாஸ்டிக் மணிக்கூடு இந்தக் குறையைத் தீர்க்கும். பெரிய முள்ளைச் சுற்றினால் சின்ன முள் கூடவே மெல்ல நகரும். நல்ல சாமான்தான், ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கிற விலை கொஞ்சம் அதிகம். வகுப்புக்கு ஒன்று வாங்கினால் அது ஆசிரியரின் மேசையில்தான் இருக்கும். அதே வேலையைச் சாதாரண சுவர் மணிக்கூடும் செய்கிறது. பின்பக்கம் நேரம் திருத்துகிற சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் இரண்டு முள்ளும் சேர்ந்தே போகும். யார் வீட்டிலாவது கண்ணாடி உடைந்ததோ பெட்டி வெடித்ததோ கிடக்கும், கேட்டால் தந்துவிடுவார்கள். இயந்திரம் ஓடினால் போதும்.

அந்தப் பழைய மணிக்கூட்டில் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அதற்காகவே மற்ற எல்லாவற்றையும்விட அதை நான் மேலே வைக்கிறேன். முன்கண்ணாடியைக் கழற்றுங்கள். செக்கன் முள்ளை விரலால் பிடித்து நேரே மேலே இழுத்தால் கழன்று வரும். அதன் கீழே பெரிய முள். சிலவற்றில் அதற்குச் சின்னதாக ஒரு நட் இருக்கும், சிலவற்றில் வெறுமனே அழுத்தித்தான் வைத்திருப்பார்கள். அதையும் வளைக்காமல் எடுத்துவிட்டால், சின்ன முள் மட்டும் தனியாக ஓடும். இதைச் சுவரில் மாட்டிக் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள். காலை 7.30க்குப் பாடசாலை தொடங்கும்போது முள் 7க்கும் 8க்கும் சரி நடுவில். இடைவேளைக்கு மணி அடிக்கப் போகிற நேரம் எங்கே, வீட்டுக்குப் போகிற நேரம் எங்கே என்று பிள்ளைகளே பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுவிடுவார்கள். "எட்டைத் தாண்டிட்டு", "ஒன்பதைத் தொடப் போகுது", "பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவுல" என்று பேச்சு வரும். ஒற்றை முள்ளில் இவ்வளவு சொல்ல முடிகிறது என்று தெரிந்த பிறகு, மிச்சத்தைத் துல்லியமாகச் சொல்லத்தான் பெரிய முள் என்று திருப்பி மாட்டினால், எட்டு ஐம்பது என்கிற பிழை வெகுவாகக் குறையும்.

அப்போ மட்டை மணிக்கூடு வேண்டாமா? வேண்டும், ஆனால் காசு கொடுத்து வேண்டாம். பிஸ்கட் பெட்டி மட்டையில் வட்டம் வெட்டி, ஒரே ஒரு முள் வைத்து, ஆளுக்கொன்று பிள்ளைகளே செய்யட்டும். சுவரில் ஒற்றை முள், கையிலும் ஒற்றை முள். சுவரில் பெரிய முள் ஏறும் நாளில் கையிலும் ஏறட்டும். அன்றிலிருந்து சரி பார்க்கிற முறையும் மாற வேண்டும். பெரிய முள்ளைப் பார்க்க முன்னால், சின்ன முள் எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்த்துப் புள்ளி போட வேண்டும்.

டிஜிட்டல் மணிக்கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிள்ளைகள் அம்மாவின் போனில் தினமும் பார்ப்பது அதைத்தான், வாசிக்கவும் தெரியும். ஆனால் 9.45 என்பது பத்துக்கு எவ்வளவு கிட்ட என்று அந்த இலக்கங்கள் காட்டாது. இன்னொரு கரைச்சலும் உண்டு. புள்ளி வைத்து எழுதினவுடன் பிள்ளைக்கு அது ரூபாய் சதம் மாதிரித் தெரியும். 9.45இலிருந்து அரை மணித்தியாலம் கழித்து என்ன நேரம் என்றால் 9.75 என்று கூசாமல் எழுதும். 24 மணித்தியால நேரம் வருகிற மேல் தரங்களில் டிஜிட்டல் கைகொடுக்கும். ரயில் நேர அட்டவணை வாசிக்கவும் அதுதான் வசதி. மூன்றாம் தரத்துக்கு அதில் காசு போடுவது வீண்.

கால இடைவெளியைக் கணக்கிடுவதிலும் இரண்டு வழி இருக்கிறது. ஹட்டனில் 10.45க்கு ஏறிய பஸ் 12.20க்குப் போய்ச் சேர்ந்தது என்று வைப்போம். கீழே மேலே எழுதிக் கழிக்கிற பிள்ளை 1.75 என்று விடை எடுத்து, "ஒரு மணித்தியாலம் 75 நிமிடம்" என்று வாசிக்கும். எண்கோட்டில் தாவுகிற பிள்ளை, 10.45இலிருந்து 11க்கு 15 நிமிடம், 11இலிருந்து 12க்கு ஒரு மணித்தியாலம், அங்கிருந்து 20 நிமிடம், மொத்தம் ஒரு மணித்தியாலம் 35 நிமிடம் என்று வந்து சேரும். 60ஆல் கடன் வாங்கிக் கழிப்பது ஐந்தாம் தரத்தில் தேவைப்படலாம். அதுவரை எண்கோடுதான் என் கட்சி. இதை நான் மணிக்கூட்டுப் பேச்சுக்கு நடுவில் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. நேரக் கணக்குக்கு எண்கோடு வேண்டும் என்றால், எண்கோட்டை வாசிக்கப் பிள்ளை எங்கே பழகும்?

இங்கேதான் வெப்பமானி வருகிறது.

சுவர் வெப்பமானி என்பது நிமிர்த்தி வைத்த எண்கோடு, அவ்வளவுதான். கீழே குறைவு, மேலே கூட. பத்துப் பத்தாக எண், நடுவில் சின்னக் கோடுகள். மணிக்கூடு அப்படியில்லை. ஒரே வட்டத்தில் இரண்டு அளவுகோல் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது, ஒன்று 12ஆகப் பிரிந்தது, மற்றது 60ஆகப் பிரிந்தது. 4 என்று எழுதியிருக்கிற இடத்தை ஒரு முள்ளுக்கு நாலு என்றும் இன்னொரு முள்ளுக்கு இருபது என்றும் வாசிக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பழகிப்போய்விட்டது, ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அது லேசான காரியம் இல்லை. நேரான அளவுகோலில் "இரண்டு எண்ணுக்கு நடுவில் நிற்கிறது" என்பதைப் பழகிவிட்டு வட்டத்துக்கு வந்தால் பாதிப் பாரம் குறையும். அதனால்தான் இரண்டு கிழமையாவது வெப்பமானியை முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

எதிர்ப்பு என்னவென்று தெரியும். "ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயாவது கேட்பார். நேரக் கணக்கு கேள்வியாக வரும், வெப்பமானிக்கு ஏன் நாளைச் செலவழிக்கிறீர்கள் என்று சக ஆசிரியர்களும் கேட்பார்கள். அட்டவணை வாசிப்பது, வித்தியாசம் காண்பது, அளவுகோலில் எழுதாத இடத்தை ஊகிப்பது ஆகியவை எந்தப் பரீட்சையிலும் வரும். அவற்றைப் பழக இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது.

சரி, எந்த வெப்பமானி? பாதரசம் உள்ள கண்ணாடி வெப்பமானி எங்கேயாவது பழைய அலுமாரியில் இருந்தால் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். உடைந்தால் அந்த ஆவி கூடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையின்படி அவற்றின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2020க்குப் பிறகு நிறுத்தப்பட வேண்டியவை. சிவப்புத் திரவம் உள்ளவை நிறமூட்டிய அற்ககோல் வகை, அவற்றில் அந்தப் பயம் இல்லை. கண்ணாடி உடைந்தால் கூட்டிப் பெருக்குவதோடு சரி.

கம்பி வைத்த டிஜிட்டல் வெப்பமானி தசமத்தோடு எண்ணைக் காட்டும், 17.3 என்று. மூன்றாம் தரத்துக்கு அந்தத் தசமம் தேவையில்லாத சுமை. மலிவானவை ஒரு பாகை அங்கே இங்கே பிழை விடவும் கூடும், ஆனாலும் தசமத்தைப் பார்த்தவுடன் எல்லோரும் அப்படியே நம்பிவிடுகிறோம். நெற்றிக் கருவியோ இன்னும் மோசம். அது உடல் வெப்பத்துக்காகச் செய்தது. குளிர்ந்த சுவரை நோக்கிப் பிடித்தால் எண்ணுக்குப் பதிலாக "குறைவு" என்று மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். சில கருவிகளில் பொருள்களின் மேற்பரப்பைப் பார்க்கிற முறையும் உண்டு, பொத்தானை அழுத்தி மாற்றினால் தகரக் கூரையையும் சீமெந்துத் தரையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விளையாட்டுக்கு நல்லது, அளவுகோல் வாசிக்க அது பழக்காது.

ஆக, சிவப்புத் திரவம். வாங்கும்போது கோடுகளை எண்ணிப் பாருங்கள். பல சுவர் வெப்பமானிகளில் இரண்டு எண்ணுக்கு நடுவே பத்துக் கோடு இருக்காது, ஐந்துதான் இருக்கும், ஒவ்வொரு கோடும் இரண்டு பாகை. பிள்ளை 10க்கு மேலே மூன்று கோடு எண்ணி 13 என்று சொல்லும், அங்கே இருப்பது 16. முதல் வெப்பமானி ஒரு பாகைக்கு ஒரு கோடு உள்ளதாக இருந்தால் நல்லது. இரண்டு பாகைக் கோடு உள்ளது கிடைத்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம், நான்காம் தரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, கோடு வேறு அளவு ஒன்று என்று காட்டுவது தனியொரு நல்ல பாடம். திரவத் தண்டு நடுவில் துண்டாகிப் பிரிந்திருக்கிறதா என்றும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பயணத்தில் குலுங்கினால் அப்படி ஆகும், அது பிழையான கணக்குத்தான் காட்டும். வாசிக்கும்போது பிள்ளையின் கண் திரவ மட்டத்துக்கு நேரே இருக்க வேண்டும். அதனால் பெரியவர்களின் உயரத்தில் மாட்டி என்ன பயன்?

இந்த வெப்பமானிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் செல்சியஸ், மறு பக்கம் பரனைட். பரனைட் பக்கத்தை ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி மறைத்துவிடுங்கள். முழுசாக ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் வீட்டில் அதைத்தான் பேசுகிறார்கள். "பிள்ளைக்கு நூற்றிரண்டு காய்ச்சல்" என்று தாய் சொல்வது பரனைட்டில். செல்சியஸில் அது 39க்குக் கொஞ்சம் குறைவு. தரம் ஐந்தில் அந்தக் கடதாசியைக் கிழித்து, 37க்கு நேரே 98.6 இருப்பதையும் 38க்கு நேரே 100.4 இருப்பதையும் பார்க்க வைக்கலாம். அதுவரை இரண்டு அளவு ஒரே நேரத்தில் வேண்டாம்.

எங்கே மாட்டுவது என்பதும் லேசான கேள்வி இல்லை. தகரக் கூரைக்குக் கீழே உயரமாக மாட்டினால் பகலில் கூரையின் சூட்டைத்தான் காட்டும். வெளி விறாந்தையில், நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் வடக்குச் சுவரில் மாட்டச் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சரி. நாம் இருப்பது வடக்கே ஏழு பாகை அகலாங்கில். ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் கடைசி வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது, வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும். எந்தச் சுவர் என்பதைவிட எப்போதும் நிழல் விழுகிற தாழ்வாரமா என்று பார்ப்பதுதான் நமக்குப் பொருந்தும்.

மலைநாட்டுப் பிள்ளைக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது. கொழும்பில் வருஷம் பூராவும் வெக்கை, சராசரி 27, 28 பாகை. அங்கே வெப்பநிலை என்றால் கூடச் சூடு, குறையச் சூடு என்ற இரண்டோடு முடியும். நமக்கு அப்படியில்லை. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேயிலைக் கொழுந்து மலைக்கு ஏறுகிற அம்மா, பத்து மணிக்கு அதை இடுப்பில் கட்டியிருப்பதைப் பிள்ளை பார்த்திருக்கிறது. அந்தக் கம்பளி கழன்ற நேரத்தில் விறாந்தையில் எத்தனை பாகை என்று கேட்டால் பாடம் தானாக ஓடும். எட்டு, பத்து, பன்னிரண்டு மணிக்கு வாசித்துக் கரும்பலகை ஓரத்தில் எழுத ஒரு பிள்ளையை நியமித்துவிடுங்கள். நேரத்தை வாசிக்காமல் அந்த அட்டவணையை நிரப்ப முடியாது, அதனால் மணிக்கூட்டுப் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். பத்துக்கு 19 இருந்தது பன்னிரண்டுக்கு 17ஆக இறங்கியிருந்தால் "பிழையா வாசிச்சிட்ட" என்று உடனே அதட்டிவிடாதீர்கள். இடையில் மூடுபனி ஏறியிருக்கலாம். அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்வது அநேகமாகப் பின்வாங்கில் உட்கார்ந்திருக்கிறவராகத்தான் இருப்பார்.

வெப்பநிலையை எண்ணாக எழுதத் தொடங்கினவுடன் ஒரு புதுப் பிழை முளைக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு அடிக்கோலைச் சேர்த்து வைத்தால் நீளம் இரண்டு மடங்கு. ஆனால் 20 பாகைத் தண்ணீர் இரண்டு கோப்பையை ஒரு சட்டியில் ஊற்றினால் 40 ஆகாது, 20தான். இதைச் செய்து காட்டாமல் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதே மாதிரி 10 பாகையைவிட 20 பாகை இரண்டு மடங்கு சூடு என்றும் சொல்ல முடியாது. பத்துப் பாகை கூட என்று மட்டும் சொல்லப் பழக்குங்கள். வித்தியாசம் கேளுங்கள், மடங்கு கேட்காதீர்கள்.

ஐந்தாம் தரத்தில் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர், அப்படியானால் கடற்கரையைவிட 12 பாகை அளவு குறைய வேண்டும். 27.5இல் 12ஐக் கழித்தால் 15.5, உண்மையான சராசரிக்கு வெகு கிட்ட வந்துவிடுகிறது. தங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு வரும் என்று பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும். புத்தகத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்றிருக்கும். நுவரெலியாவில் அது 94க்குக் கிட்டவே கொதித்துவிடும். இதை ஆசிரியர் மட்டும், அதற்கென்று உள்ள 110 பாகை வரையான ஆய்வுகூட வெப்பமானியால் செய்து காட்டலாம். சுவர் வெப்பமானியைக் கொதிநீரில் விட்டால் வெடிக்கும்.

நுவரெலியாப் பக்கத்து ஆசிரியர்களுக்கு மட்டும் ஒன்று. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும், சுவர் வெப்பமானியோ 3, 4 பாகை காட்டும். கருவி பிழை என்று பிள்ளைகள் சொல்வார்கள். கருவி சரிதான். தெளிந்த இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டு, மேலே உள்ள காற்றைவிடக் கூடக் குளிர்ந்துவிடுகிறது. ஒரு வெப்பமானியைத் தரையில் புல்லோடு வைத்துவிட்டு விடியற்காலையில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

காசே இல்லை என்கிறவர்களுக்கு நிழல் கம்பு இருக்கிறது. நிலத்தில் ஒரு கம்பு நட்டு, மணிக்கொரு தடவை நிழல் நுனியில் கல் வைப்பது. இதை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள், ஆனால் மலைநாட்டில் அது நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. வட்டவளையில் அந்த மாதங்களில் நிழல் கம்பு நட்டால் கம்புதான் நனையும். அந்தப் பக்கத்துக்கு ஜனவரி தொடக்கம் மார்ச் வரைதான் வசதி. பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்கு ஜூலை, ஓகஸ்ட் நல்ல வறட்சி. தரமான தேயிலைக்கும் இதே மாதங்கள்தான், ஹட்டன் பக்கத்து டிம்புளைக்கு வருஷத் தொடக்கத்தில், பண்டாரவளைப் பக்கத்து ஊவாவுக்கு ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை. கொழுந்து கணக்கு தெரிந்த பெற்றோரிடம் கேட்டால் உங்கள் தோட்டத்துக்கு எப்போது என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள்.

நட்டுவிட்டீர்கள் என்றால், நிழல் மிகக் குறுகுகிற நேரம் சரியாகப் 12 மணியாக இருக்காது என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். பெப்ரவரி நடுவில் ஹட்டனில் 12.20ஐத் தாண்டும், ஜூலை கடைசியில் பண்டாரவளையில் 12.12 அளவில் வரும். நம் மணிக்கூடு ஓடுவது நமக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகை நெட்டாங்கின் நேரப்படி. பெற்றோர் சிலருக்கு 1996 நினைவிருக்கும். மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள், பழைய நேரத்துக்குத் திரும்பியது 2006 ஏப்ரலில். அவ்வளவு காலமும் கம்பு நிழல் தன் பாட்டில்தான் விழுந்தது. மூன்றாம் தரத்துக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். நிழல் நகர்கிறது, முள்ளும் நகர்கிறது என்பதோடு நிறுத்தலாம். சின்ன முள்ளுக்கு நல்ல துணை, மணிக்கூட்டுக்குப் பதிலாக வைக்க முடியாது.

இனிக் கணக்குக்கு வருவோம். கையில் இருப்பது ஒரு கருவிக்கான காசு மட்டும் என்றால் வெப்பமானியை வாங்குங்கள், மணிக்கூடு இரவலாகக் கிடைக்கும். இரண்டுக்குக் காசு இருந்தால் இரண்டாவது வெப்பமானி. ஒன்று விறாந்தையில், ஒன்று வகுப்புக்குள். உள்ளே வெளியே வித்தியாசம் பார்ப்பது மட்டுமே ஒரு தவணைக்குக் காணும். அதற்கு மேலும் மிஞ்சினால் பற்சக்கர மணிக்கூடு ஒன்று. கூட்டு வகுப்பு எடுக்கிறவர்களுக்கு அது உண்மையாகவே உதவும், ஒரு தரம் அதை வைத்துக்கொண்டு தானாக வேலை செய்யும்போது மற்றத் தரத்தைக் கவனிக்கலாம். டிஜிட்டல் மணிக்கூடு வாங்கித் தருகிறேன் என்று யாராவது நலன்விரும்பி முன்வந்தால், அதற்குப் பதிலாகச் சுவர் மணிக்கூட்டுக்கு ஒரு பெட்டி பற்றரி கேளுங்கள். மணிக்கூடு நின்றுபோய் 4.10இலேயே தொங்குகிற வகுப்பில் நேரம் கற்பிக்க முடியாது.